கடைசியாக அணிந்த சட்டை



பெரியவர் ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவருடைய இளமைக் காலத்தை ஆவலோடு படிக்கிறோம். அவர் புகழின் உச்சியை எட்டிய ஆண்டுகளைப் பெருமிதத்தோடு படிக்கிறோம். கடைசி அத்தியாயத்தை நெருங்கியதும் பக்கங்களை விரைவாகப் புரட்டிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறோம். உடல் தளர்ந்த பின் ஒருவர் செய்தவற்றில் நாம் கற்றுக்கொள்ள என்ன இருக்கப்போகிறது என்பது நம் நினைப்பு. அந்த நினைப்பு சரிதானா என்பதையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இதற்கு நான் எடுத்துக்கொண்டிருக்கும் எடுத்துக்காட்டுகள் அமெரிக்க நாட்டின் பேஸ்பால் ஆட்டத்தைச் சேர்ந்தவை. நம் நாட்டில் அவ்வாட்டம் பரவலாக இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அவ்வாட்டத்தில் பெரும் புகழ் பெற்ற பலர், தங்களுக்குப் புகழ் தேடித்தந்த குழுவில் தங்கள் ஆட்டத்தை முடிக்கவில்லை. கடைசி ஓரிரண்டு ஆண்டுகளில் வேறொரு குழுவின் சட்டையை அணிந்து ஆடி விலகினார்கள். ஆகவே அவர்களுடைய வாழ்க்கையின் இறுதிப் பகுதி, கோடு கிழித்துப் பிரித்தாற்போல நம் கண்ணுக்குத் தனியே தெரிகிறது.

முதலில் ஆட்டத்தைப் பற்றி இரண்டொரு சொற்கள். ஒரு குழுவுக்கு ஒன்பது பேர். மட்டை பிடிப்பவர் பந்தை அடித்துவிட்டு நான்கு தளங்களையும் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்தை அடைந்தால் குழுவுக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். எல்லை வேலிக்கு அப்பால் பந்தை அடித்துவிட்டால், தடுப்பார் யாருமின்றி நான்கு தளங்களையும் சுற்றி வரலாம். இதனை ஹோம் ரன் என்பர். கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் அடிக்கும்போது எழும் ஆரவாரம், அங்கே ஹோம் ரன் அடிக்கும்போது எழுகிறது.

புகழ்மிக்க ஆட்டக்காரர் முதுமையில் ஏன் குழு மாற நேர்ந்தது? அதற்கு ஒரு விதி காரணமாக இருந்தது. ஆட்டக்காரர் ஒரு குழுவோடு ஒப்பந்தம் செய்துகொண்டால், அதைப் புதுப்பிக்கும் உரிமை குழுவின் உரிமையாளருக்கே உண்டு. ஆண்டுதோறும் அவர் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஆட்டக்காரர் தாமாக விலகி வேறு குழுவுக்குச் செல்ல முடியாது. உரிமையாளரோ அவரை வேறு குழுவுக்கு விற்கலாம். வேறோர் ஆட்டக்காரருக்கு ஈடாகக் கொடுத்துவிடலாம். 1969-ஆம் ஆண்டு கர்ட் பிளட் என்பவரைச் செயின்ட் லூயிஸ் குழு பிலடெல்பியா குழுவுக்கு மாற்றியபோது, அவர் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. 1975 டிசம்பரில் வேறிருவர் தொடர்பாக வந்த நடுவர் தீர்ப்புதான் அந்தப் பழைய கட்டைத் தளர்த்தியது. நான் இன்று சொல்லப்போகும் ஐவருடைய கதைகளும் அத்தீர்ப்புக்கு முற்பட்ட அமைப்பில் விளைந்தவை.

முதலாமவர் பேப் ரூத். பால்டிமோர் நகரில் 1895-ஆம் ஆண்டு பிறந்தவர். 1920 முதல் 1934 வரை நியூயார்க் யாங்கீஸ் குழுவில் ஆடினார். 1927-ஆம் ஆண்டு ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன்கள் அடித்தார். அவர் பெயரைச் சொன்னால் யாங்கீஸ் குழுவின் பெயரே உடன் நினைவுக்கு வரும். ஆனால் அவர் கடைசியாக அணிந்த சட்டை யாங்கீஸ் சட்டை அன்று. 1935-ஆம் ஆண்டு யாங்கீஸ் குழு அவரை விடுவித்தது; அவர் பாஸ்டன் பிரேவ்ஸ் என்னும் குழுவில் சேர்ந்தார்.

ரூத்தின் உள்ளத்தில் அப்போது ஓர் ஆசை இருந்தது. ஆட்டத்தை விட்ட பிறகு ஒரு குழுவை நடத்தும் மேலாளராக வேண்டும் என்பதே அது. பாஸ்டன் குழுவின் உரிமையாளர் அவருக்கு உதவித் தலைவர், துணை மேலாளர் என்று இரண்டு பட்டங்களைக் கொடுத்தார். பட்டங்கள் பெரியவை, அவற்றுக்குள் பொருள் ஒன்றும் இல்லை. ரூத்தைக் காண மக்கள் திரள்வார்கள், வருவாய் பெருகும் என்பதே உரிமையாளரின் கணக்கு. ரூத்துக்கு வயது நாற்பது, உடல் பருத்துவிட்டது, கால்கள் ஓட மறுத்தன. அக்குழுவோ அவ்வாண்டு 38 ஆட்டங்களில் வென்று 115 ஆட்டங்களில் தோற்றது.

அவ்வாண்டு மே மாதம் 25-ஆம் நாள் பிட்ஸ்பர்க் நகரில் போர்ப்ஸ் திடலில் ஓர் ஆட்டம் நடந்தது. அன்று ரூத் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். மூன்றாவது பந்து வலப்புறப் பார்வையாளர் மாடத்தின் கூரையையும் தாண்டி வெளியே போய் விழுந்தது. அந்தக் கூரைக்கு மேலாக அதற்குமுன் எவரும் பந்தை அடித்ததில்லை. அதுவே அவருடைய 714-ஆவது ஹோம் ரன். கடைசி ஹோம் ரன்னும் அதுவே. அவ்வளவு அடித்தும் அவருடைய குழு அன்று தோற்றது.

அந்த நாளோடு அவர் விலகியிருந்தால் எவ்வளவு அழகாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் விலகவில்லை. மற்ற நகரங்களிலும் அவரைக் காட்டுவதாக உரிமையாளர் ஒப்புக்கொண்டிருந்தார். ஐந்து நாட்கள் கழித்துப் பிலடெல்பியாவில் ஆடத் தொடங்கியவர், முழங்காலில் அடிபட்டு, முதல் சுற்றோடு வெளியேறினார். ஜூன் 2-ஆம் நாள் ஆட்டத்தை விட்டார். பாஸ்டன் குழுவுக்காக 28 ஆட்டங்கள் ஆடி, 72 வாய்ப்புகளில் 13 முறையே அவர் பந்தை அடித்துத் தளத்தை அடைந்திருந்தார். அவர் விரும்பிய மேலாளர் பதவி எந்தக் குழுவிலும் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. 1948-ஆம் ஆண்டு அவர் காலமானார்.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு ஒரு முடிவு தோன்றும். உச்சியில் இருக்கும்போதே விலகிவிட வேண்டும் என்பதே அம்முடிவு. அவ்வாறு விலகியவர் ஒருவரும் உண்டு. அவரையே இரண்டாமவராகச் சொல்கிறேன்.

அவர் ஜாக்கி ராபின்சன். கறுப்பினத்தவரைப் பெரிய லீக் ஆட்டங்களில் சேர்ப்பதில்லை என்னும் கொடிய வழக்கம் அமெரிக்காவில் நீண்ட காலம் இருந்துவந்தது. 1947 ஏப்ரல் 15-ஆம் நாள் புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவில் ஆடக் களம் இறங்கி, இருபதாம் நூற்றாண்டில் அத்தடையை உடைத்த முதல் மனிதர் இவர். பத்து ஆண்டுகள் ஆடினார். 1956 டிசம்பரில் டாட்ஜர்ஸ் குழு அவரைத் தன் நீண்ட நாள் போட்டிக் குழுவாகிய நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு மாற்றிவிட்டது. ராபின்சனோ அதற்குள்ளாகவே ஆட்டத்தை விட்டு ஒரு காப்பி வாணிக நிறுவனத்தில் பணியேற்க முடிவு செய்திருந்தார். ஜயண்ட்ஸ் சட்டையை அவர் அணியவே இல்லை. ஒரே குழுவின் ஆட்டக்காரராக வாழ்ந்து ஒரே குழுவின் ஆட்டக்காரராக விலகினார். கம்பீரமான முடிவுதான். ஆனாலும் எல்லார்க்கும் அதுவே வழி என்று சொல்லிவிடலாமா? மூன்றாமவர் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்வோம்.

மூன்றாமவர் வில்லி மேஸ். 1951-ஆம் ஆண்டு நியூயார்க் ஜயண்ட்ஸ் குழுவில் தம் இருபதாம் வயதில் ஆடத் தொடங்கினார். மட்டை பிடித்தல், ஓடுதல், பந்தைப் பிடித்தல், எறிதல் ஆகிய எல்லாவற்றிலும் ஒருங்கே சிறந்தவர் என்று போற்றப்பட்டார். 1958-இல் அக்குழு சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிபெயர்ந்தது; மேஸும் உடன் சென்றார். 1972 மே மாதம், பொருள் முடை மிகுந்த நிலையில், உரிமையாளர் அவரை நியூயார்க் மெட்ஸ் என்னும் குழுவுக்குக் கொடுத்துவிட்டார். மெட்ஸ் 1962-இல் தோன்றிய புதிய குழு. அதன் உரிமையாளரான ஜோன் பெய்சன் அம்மையார், ஜயண்ட்ஸ் குழு நியூயார்க்கை விட்டுப் போனபோது அதை எதிர்த்தவர். மேஸை மீண்டும் தம் நகரத்துக்கு அழைத்துவர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம்.

மே 14-ஆம் நாள் மேஸ் மெட்ஸ் சட்டையில் முதன்முதலாக ஆடினார். எதிரே நின்றதோ அவருடைய பழைய குழுவாகிய ஜயண்ட்ஸ். இரு குழுக்களும் நான்கு ஓட்டங்களோடு சமநிலையில் இருந்தபோது அவர் ஒரு ஹோம் ரன் அடித்தார். அந்த ஓர் ஓட்ட வேறுபாட்டில் மெட்ஸ் வென்றது.

ஆயினும் வயது தன் வேலையைச் செய்தது. 1973-ஆம் ஆண்டு மேஸுக்கு வயது 42. அவ்வாண்டு மெட்ஸ் குழு, ஓக்லண்ட் குழுவோடு உலகத் தொடர் எனப்படும் இறுதிப் போட்டியில் மோதியது. இரண்டாம் ஆட்டத்தில், ஒன்பதாம் சுற்றில், வெயில் கண்ணைக் கூசச் செய்ய, தம்மை நோக்கி வந்த பந்தை மேஸால் பிடிக்க முடியவில்லை. தடுமாறிக் கீழே விழுந்தார். ஒரு காலத்தில் எட்டாத பந்தையெல்லாம் எட்டிப் பிடித்த மனிதர் புல்தரையில் விழுந்து கிடந்த காட்சியை நாடே பார்த்தது. இன்றும் அமெரிக்காவில் ஒருவர் தம் காலம் கடந்தும் ஒட்டிக்கொண்டிருப்பதைச் சுட்ட, அந்த வீழ்ச்சியை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

ஆனால் மாணவர்களே, அதே ஆட்டம் அத்தோடு முடியவில்லை. பன்னிரண்டாம் சுற்று வரை நீண்டது. அச்சுற்றில், இரு குழுக்களும் சமநிலையில் இருந்தபோது, மேஸ் அடித்த அடியால் மெட்ஸ் குழு முன்னணிக்கு வந்தது, ஆட்டத்திலும் வென்றது. அவர் வாழ்க்கையின் கடைசி அடி அதுதான். விழுந்ததும் எழுந்து வென்றதும் ஒரே பிற்பகலில் நிகழ்ந்தவை. உலகம் முன்னதை நினைவில் வைத்துக்கொண்டது, பின்னதை மறந்துவிட்டது. தவறு மேஸிடத்தில் இல்லை. பாதியில் புத்தகத்தை மூடிவிடும் நம்மிடத்திலேயே உள்ளது. மேஸ் 2024-ஆம் ஆண்டு தம் 93-ஆம் வயதில் மறைந்தார்.

நான்காமவர் ஹாங்க் ஆரன். 1954-ஆம் ஆண்டு மில்வாக்கி பிரேவ்ஸ் குழுவில் ஆடத் தொடங்கினார். நான் முன்னே சொன்ன பாஸ்டன் பிரேவ்ஸ் குழுவே 1953-இல் மில்வாக்கிக்குக் குடிபெயர்ந்திருந்தது. 1966-இல் அது மீண்டும் இடம் மாறி அட்லாண்டாவுக்குப் போயிற்று. அங்கே 1974 ஏப்ரல் 8-ஆம் நாள் ஆரன் தம் 715-ஆவது ஹோம் ரன்னை அடித்து, பேப் ரூத்தின் 714 என்னும் எண்ணைக் கடந்தார். வெள்ளையர் ஒருவருடைய சாதனையைக் கறுப்பினத்தவர் ஒருவர் கடப்பதா என்று வெகுண்டவர்கள் அவருக்கு வசைக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும் அனுப்பிய காலம் அது. வாழ்க்கையின் பெருமைக்குரிய நாட்கள், அவருக்கு மிகத் துன்பமான நாட்களாகவும் இருந்தன.

அவ்வாண்டின் இறுதியில் அவர் மில்வாக்கி புரூயர்ஸ் என்னும் குழுவுக்கு மாற்றப்பட்டார். தன் பழைய குழுவை இழந்த மில்வாக்கி நகரம் 1970-இல் பெற்ற புதிய குழு அது. அந்நாளில் வெற்றிகளுக்குப் பேர்பெற்ற குழு அன்று. ஆயினும் இருபது வயது இளைஞராகத் தாம் ஆடத் தொடங்கிய நகரத்துக்கே ஆரன் திரும்பிவந்தார். அக்குழு ஆடிய அமெரிக்க லீக்கில் 1973-இல் ஒரு புது விதி வந்திருந்தது. பந்து வீசுபவருக்குப் பதிலாக, மட்டை பிடிப்பதற்கு மட்டும் ஒருவரை வைத்துக்கொள்ளலாம் என்பது அவ்விதி. முதிர்ந்த கால்களோடு வெளித்திடலில் ஓட வேண்டிய சுமை இதனால் அவருக்குக் குறைந்தது. இரண்டு ஆண்டுகளில் 22 ஹோம் ரன்கள் அடித்தார். 1976 ஜூலை 20-ஆம் நாள் அடித்தது அவருடைய 755-ஆவது. அதுவே கடைசி. 2007-ஆம் ஆண்டு வரை அந்த எண்ணை எவரும் கடக்கவில்லை. தம் இறுதி ஆட்டத்தில் அவர் அடித்த கடைசி அடி ஒரு சிறிய அடி. பந்து உள்திடலைத் தாண்டவில்லை. ஆனால் அதனால் தம் குழுவுக்கு ஓர் ஓட்டம் சேர்த்துவிட்டே அவர் வெளியேறினார்.

ஐந்தாமவரைச் சொல்ல, கால வரிசையில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அவர் பெயரும் ஹாங்க்தான், ஹாங்க் கிரீன்பர்க். இவரை இறுதியில் வைத்ததற்குக் காரணம் உண்டு.

கிரீன்பர்க் யூத சமயத்தைச் சேர்ந்தவர். டெட்ராய்ட் டைகர்ஸ் குழுவில் ஆடினார். 1938-ஆம் ஆண்டு 58 ஹோம் ரன்கள் அடித்தார். ரூத்தின் எண்ணுக்கு இரண்டே குறைவு. சமயத்தின் பெயரால் அவர் திடலில் கேட்ட ஏச்சுகளுக்கு அளவில்லை. இரண்டாம் உலகப் போரில் படையில் பணிபுரிந்ததால், ஆட்டக்காரரின் சிறந்த ஆண்டுகளில் நான்குக்கு மேற்பட்டவற்றை இழந்தார். போர் முடிந்து திரும்பி, 1946-இல் மீண்டும் தம் லீக்கில் மிகுதியான ஹோம் ரன்கள் அடித்தார். அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? 1947 ஜனவரியில் டெட்ராய்ட் குழு அவரைப் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் குழுவுக்கு விற்றுவிட்டது. கடைசி வரிசையில் தள்ளாடிக்கொண்டிருந்த குழு அது.

கிரீன்பர்க் விலகிவிடவே எண்ணினார். பிட்ஸ்பர்க் உரிமையாளர்கள் நல்ல ஊதியம் தந்து இணங்கச் செய்தார்கள். ரூத் கடைசி ஹோம் ரன் அடித்த அதே போர்ப்ஸ் திடல்தான் பிட்ஸ்பர்க் குழுவின் சொந்தத் திடல். கிரீன்பர்க்குக்காக அங்கே இடப்புற வேலியை முப்பது அடி உள்ளே தள்ளி அமைத்தார்கள். அந்த இடத்துக்குக் ‘கிரீன்பர்க் தோட்டம்’ என்று பத்திரிகைகள் பெயரிட்டன. இவ்வளவு செய்தும் அவ்வாண்டு அவர் அடித்தவை 25 ஹோம் ரன்களே. குழுவும் கடைசி இடத்தையே பகிர்ந்துகொண்டது. எண்களை மட்டும் பார்த்தால், அவருடைய கடைசி ஆண்டு ஒரு தோல்வி.

ஆனால் அக்குழுவில் ரால்ப் கைனர் என்னும் இளைஞர் இருந்தார். முந்திய ஆண்டில் 23 ஹோம் ரன்கள் அடித்தவர். புதிய ஆண்டின் தொடக்கத்தில் ஆட்டம் பிடிபடாமல் தடுமாறினார். கிரீன்பர்க் அவரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். மற்றவர் போன பின்னும் இருவரும் திடலில் நின்று பயிற்சி செய்தார்கள். மட்டையோடு எங்கே நிற்பது, எந்தப் பந்தை அடிக்காமல் விடுவது என்பவற்றை மூத்தவர் இளையவருக்குக் கற்பித்தார். கைனர் அவ்வாண்டு 51 ஹோம் ரன்கள் அடித்தார். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் தம் லீக்கில் முதலிடத்தில் நின்றார். கிரீன்பர்க் போன பிறகு, ‘கிரீன்பர்க் தோட்டம்’ என்ற இடம் ‘கைனர் மூலை’ என்று பெயர் மாறியது. தம் பெயரைத் தாங்கிய இடத்தில் மாணவன் பெயரைக் காண்பதைவிட ஓர் ஆசிரியருக்கு வேறு என்ன பேறு வேண்டும்?

அதே 1947-ஆம் ஆண்டு மே மாதத்தில் இன்னொன்றும் நிகழ்ந்தது. முன்னே நான் கூறிய ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் குழுவோடு பிட்ஸ்பர்க்குக்கு ஆட வந்திருந்தார். அது அவருடைய முதல் ஆண்டு. நிற வெறியர்களின் ஏச்சு ஊருக்கு ஊர் அவரைத் தொடர்ந்தது. ஆட்டத்தின்போது முதல் தளத்தருகே அவரும் கிரீன்பர்க்கும் மோதிக்கொள்ள நேர்ந்தது. பின்னர் அதே தளத்தில் இருவரும் அருகருகே நின்றபோது, கிரீன்பர்க் அவரிடம் அடிபட்டதா என்று கேட்டார். ஏச்சுகளைப் பொருட்படுத்தாமல் உறுதியாக நிற்கும்படி ஊக்கமூட்டினார். ஏச்சின் சுவையை அறிந்தவர் அல்லவா? அவருடைய பெருந்தன்மையை ராபின்சன் பத்திரிகையாளரிடம் மனமாரப் போற்றினார். கிரீன்பர்க் முந்திய ஆண்டே விலகியிருந்தால், அந்தத் தளத்தில் அன்று அந்தச் சொற்களைச் சொல்ல அவர் இருந்திருக்க மாட்டார்.

ஆகவே எப்போது விலகினார் என்பதைக் கொண்டே ஒருவருடைய முடிவை அளந்துவிட முடியாது. ரூத் தமக்கு வாக்களிக்கப்பட்ட பதவியை நம்பித் தங்கினார், நம்பிக்கை பொய்த்தது. ராபின்சன் தாமே முடிவெடுத்து விலகினார். மேஸ் விழுந்தார், எழுந்தும் வென்றார். ஆரன் தொடங்கிய ஊரிலேயே அமைதியாக முடித்தார். கிரீன்பர்க் தம் கையில் குறைந்துவந்த வலிமையை இன்னொருவர் கைக்கு மாற்றிக் கொடுத்தார். தங்கி நின்ற காலத்தில் என்ன செய்தார் என்பதே கேட்கத்தக்க கேள்வி.

நானும் நீண்ட காலம் பள்ளிப் பணி ஆற்றி ஓய்வு பெற்றவன். என் பணியின் கடைசி ஆண்டில், கணக்கேடுகளை ஒழுங்கு செய்து ஒப்படைப்பதே என் பெரிய கடமை என்று நினைத்திருந்தேன். இளைய ஆசிரியர்களின் வகுப்பறையில் இன்னும் சில மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. இதை உங்களிடம் மறைப்பானேன்?

உங்களுக்கும் இந்தக் காலம் தொலைவில் இல்லை. பள்ளிக் குழுவின் தலைவனாக இருப்பவன் அடுத்த ஆண்டு வெளியேற வேண்டும். கல்லூரி மன்றத்தின் செயலாளர் தம் இடத்தை இன்னொருவருக்கு விட்டுத்தர வேண்டும். கடைசி மூன்று மாதங்களில் இனி என்ன என்று சோர்ந்திருப்பது எளிது. உங்களுக்குப் பின் வரும் மாணவன் ஒருவனை அருகே அழைத்து, மட்டையோடு எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுங்கள். அதற்கு மிகுந்த வலிமை வேண்டியதில்லை. பொழுது சாயும் வரை அவனோடு திடலில் நின்றால் போதும்.